மணிக்கு எவ்வளவு லேபர் போடுவது? வேலை நிறைய இருந்தும் கையில் நிற்பதில்லை

மின்கம்பி:
எல்லாருக்கும் வணக்கம். ஒயரிங் வேலை செய்கிறேன். ஒன்பது வருடம் ஒரு கான்ட்ராக்டரிடம் சம்பளத்துக்கு இருந்தேன். தனியாக வந்து இரண்டு வருடம் ஆகிறது. வேலைக்குப் பஞ்சமே இல்லை, காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. ஆனால் மாதக் கடைசியில் பார்த்தால், சம்பளத்துக்கு இருந்தபோது கையில் நின்ற காசுகூட இப்போது நிற்கவில்லை.

நான் ரேட் போட்ட விதத்தைச் சொல்கிறேன். சம்பளத்தில் இருந்தபோது ஒரு மணி நேரத்துக்கு என்ன விழுந்ததோ அதை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் பணம் மாறும், அதனால்தான் 100 என்கிறேன். தனியாக வந்ததும் வண்டிச் செலவு, டூல்ஸ் செலவு என்று ஒரு 30 சேர்த்து, மணிக்கு 130 வாங்குகிறேன். ஒயர், ஸ்விட்ச் வாங்கிப் போடுவதில் கிடைக்கும் லாபம்தான் இப்போது குடும்பத்தை ஓட்டுகிறது. எங்கே தப்பு பண்ணுகிறேன் என்று புரியவில்லை.

குழாய்_மாஸ்டர்:
தம்பி, ஒரு கேள்வி. நேற்று எத்தனை மணி நேரம் வேலையாக இருந்தீர்கள்? அதில் எத்தனை மணிக்குக் காசு வாங்கினீர்கள்?

மின்கம்பி:
காலை 8 மணிக்குக் கிளம்பினேன் அண்ணே, திரும்பும்போது மாலை 6.30. இரண்டு வீடு. ஒன்றில் 3 மணி, இன்னொன்றில் 2 மணி. 5 மணிக்குத்தான் பில் போட்டேன்.

குழாய்_மாஸ்டர்:
மீதி ஐந்தரை மணி எங்கே போனது? சாப்பாட்டுக்கு முக்கால் மணி கழித்தாலும் கிட்டத்தட்ட ஐந்து மணி இருக்கிறதே. சம்பளத்தில் இருந்தபோது அந்த ஐந்து மணிக்கும் முதலாளி கூலி கொடுத்தார். வண்டியில் உட்கார்ந்திருந்தாலும் சரி, கடையில் சாமானுக்குக் காத்திருந்தாலும் சரி. இப்போது முதலாளி நீங்கள். யார் கொடுப்பது?

உங்கள் 130-ஐ 10 மணியால் பெருக்கி மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். உண்மையில் வருவது 5 தடவைதான். நானும் முதல் மூன்று வருடம் இப்படித்தான் இருந்தேன். உழைப்பு போதவில்லை என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமையும் போக ஆரம்பித்தேன். உடம்புதான் போனது.

பெயிண்ட்_கணக்கு:
வீட்டுக்காரருக்கு பெயிண்டிங் வேலை, பில்லும் வரவு செலவும் நான் பார்க்கிறேன். நாங்கள் கணக்குப் போடும் முறையை உங்கள் 100-ஐ வைத்தே காட்டுகிறேன், ஒரு தடவை பொறுமையாகப் படியுங்கள் தம்பி.

முதலில் வருடத்துக்கு எவ்வளவு மணி என்று பார்ப்போம். வாரம் 40 மணி, 52 வாரம், மொத்தம் 2,080. சம்பளக்காரருக்கு இந்த 2,080-க்கும் கூலி உண்டு, விடுமுறை நாளுக்கும் சேர்த்து. ஆக உங்கள் வருடச் சம்பளம் 2,08,000. இப்போதும் குறைந்தது அவ்வளவு வேண்டும் அல்லவா? அதை முதலில் எழுதுங்கள். இதை லாபம் என்று நினைக்கக் கூடாது. இது உங்கள் கூலி.

அடுத்தது தொழிலை நடத்த ஆகும் செலவு. வண்டி, எண்ணெய், அதன் இன்சூரன்ஸ், ரிப்பேர், டூல்ஸ் தேய்மானம், போன், சாமான் வைக்கும் இடத்துக்கு வாடகை, கணக்கரின் ஃபீஸ், லைசென்ஸ் புதுப்பிப்பு, கை உறை, பாதுகாப்புக் கண்ணாடி, வராமலே போகும் பாக்கி. உங்களுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, சம்பளத்தில் பாதி என்று இப்போதைக்கு வைப்போம்: 1,04,000. இரண்டையும் கூட்டினால் 3,12,000.

இதை எத்தனை மணியால் வகுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பொது விடுமுறை, சொந்த லீவு, காய்ச்சல் தலைவலி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 28 நாள் போகும் என்று வையுங்கள். 224 மணி கழிந்து 1,856 நிற்கும். அந்த 1,856-இல் 60 சதவீதத்துக்குத்தான் பில் போட முடிகிறது என்றால் 1,114 மணி. 3,12,000-ஐ 1,114-ஆல் வகுத்தால் 280.

உங்கள் கைக்குப் பழைய சம்பளம் வரவே மணிக்கு 280 வேண்டும். நீங்கள் வாங்குவது 130. 1,114 மணிக்கு 130 என்றால் 1,44,820. அதில் செலவு 1,04,000 போனால் நிற்பது 40,820. பழைய சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு! ஸ்விட்ச் விற்ற லாபத்தில் குடும்பம் ஓடுவது இதனால்தான்.

மின்கம்பி:
அக்கா, இதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. 130-ஐ 150 ஆக்கலாமா என்று யோசித்துத்தான் இந்த இழையையே தொடங்கினேன்.

மரவேலை:
எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரே வரியில் சொல்வார்: “கூலியை மூன்றால் பெருக்கு.” ஒரு பங்கு கைக்கு, ஒரு பங்கு கடைக்கு, ஒரு பங்கு நாளைக்கு என்பார். முப்பது வருடமாக அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், நஷ்டப்பட்டதில்லை. இவ்வளவு கணக்கு எதற்கு?

பெயிண்ட்_கணக்கு:
உங்கள் ஆசான் சொன்னது சும்மா வந்ததில்லை ஐயா. ஆள் வைத்திருக்கும் பட்டறையை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் தெரியும். கூலி 1. அதன் மேல் முதலாளி பங்காகக் கட்டும் நிதி, போனஸ் மாதிரி 20 சதவீதம், ஆக 1.2. விடுமுறையும் வெட்டி நேரமும் போக 65 சதவீத நேரத்துக்குத்தான் பில் என்றால் 1.2-ஐ 0.65-ஆல் வகுக்க வேண்டும், 1.85 வரும். கடைச் செலவு 0.7 சேர்த்தால் 2.55. அதன் மேல் 15 சதவீத லாபம் என்றால் 0.85-ஆல் வகுக்க, சரியாக 3.

ஆனால் இதில் ஏதாவது ஓர் எண் மாறினாலும் அந்த “மூன்று” மாறிவிடும். வேலை முழுவதும் ஒரே கட்டடத்தில் மாதக்கணக்கில் என்றால் இரண்டரையே போதும். வீடு வீடாக அலையும் ரிப்பேர் வேலைக்கு மூன்றரைகூடப் பத்தாது. அவருக்குச் சரியாக இருந்தது தம்பிக்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

மரவேலை:
ஒத்துக்கொள்கிறேன். எனக்குப் பெரும்பாலும் பட்டறைக்குள்ளேயே வேலை, அலைச்சல் கிடையாது. இந்தப் பக்கம் நான் யோசித்ததில்லை.

லாபம் சேர்ப்பதில் நிறையப் பேர் சறுக்கும் ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 15 சதவீத லாபம் வேண்டும் என்று 280-இன் மேல் 15 சதவீதம் ஏற்றினால் 322. அதில் லாபம் 42. வாங்கிய 322-இல் அது 13 சதவீதம்தான். வாங்கும் காசில் 15 சதவீதம் நிற்க வேண்டுமானால் 0.85-ஆல் வகுக்க வேண்டும், 329 வரும். சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும். பெரிய கொட்டேஷனில் அந்தச் சின்ன வித்தியாசம்தான் ஒரு டிரில்லிங் மெஷின்.

ஏசி_மெக்கானிக்:
கணக்கெல்லாம் சரி. ஆனால் வாடிக்கையாளர் போனை எடுத்து நாலு பேரைக் கூப்பிடுகிறார். 160-க்கு ஆள் கிடைக்கிறது. நான் 329 என்றால் அடுத்த நிமிடம் போனை வைத்துவிடுவார். எனக்கு இரண்டு பையன்கள் வேலைக்கு இருக்கிறார்கள். ரேட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலையில்லாமல் உட்கார்ந்தால் அவர்களுக்கு யார் சம்பளம் கொடுப்பது? கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

குழாய்_மாஸ்டர்:
நியாயமான கேள்வி. 160-க்கு வருகிறவர் 160-இல் பிழைக்கிறார் என்று யார் சொன்னது? இரண்டு வருடத்துக்கு முன்னால் 130-க்கு வந்தவர்தான் இந்த இழையைத் தொடங்கியிருக்கிறார். என் பகுதியில் அப்படிக் குறைந்த ரேட்டில் வந்தவர்கள் பலர் மூன்றாவது, நாலாவது வருடத்தில் திரும்பவும் சம்பளத்துக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். வண்டி பழுதாகும் வரைக்கும் தாக்குப்பிடிப்பார்கள். புது வண்டி வாங்கக் காசு சேர்ந்திருக்காது.

இன்னொன்று, இந்தக் கணக்கு சொல்வது நீங்கள் கேட்க வேண்டிய விலை இல்லை. இதற்குக் கீழே போனால் கைக்காசு போகும் என்கிற கோடு அது. சந்தை அந்தக் கோட்டுக்கு மேலே கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். கீழேதான் கொடுக்கிறது என்றால் கோட்டை இறக்க வழி பார்க்க வேண்டும், அல்லது அந்த வேலையை விட வேண்டும். கோடு எங்கே என்றே தெரியாமல் பேரம் பேசுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

பேரத்தில் தள்ளுபடி கொடுக்கும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். 329-இல் 10 சதவீதம் குறைத்தால் 33 போகும். உங்கள் லாபமே 49. மூன்றில் இரண்டு பங்கு லாபத்தைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள். கேட்பவருக்கு அது வெறும் பத்து சதவீதம்.

லேத்_பட்டறை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மெஷின் வைத்திருப்பவர்கள் ஆள் ரேட்டையும் மெஷின் ரேட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. லேத்தில் ஒரு மணி வேலை, கையால் பாலிஷ் போடும் ஒரு மணி, இரண்டுக்கும் ஒரே ரேட் என்றால் ஒரு வாடிக்கையாளர் காசில் இன்னொருவர் மெஷின் ஓடுகிறது.

மணிக் கூலி 100 என்ற இதே அளவில் சொல்கிறேன். மெஷின் விலை 3,00,000. பத்து வருடம் ஓட்டி, கடைசியில் பழைய இரும்பாக, உதிரியாக 50,000 தேறும். வருடத் தேய்மானம் 25,000. அது நிற்கும் இடத்தின் வாடகைப் பங்கு 15,000. இந்த 40,000 மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உண்டு. ஓடும்போது கரண்ட், ஆயில், டூல் பிட், பராமரிப்பு மணிக்கு 20. வருடம் 1,000 மணி ஓடினால் மணிக்கு 40-உம் 20-உம், ஆக 60. 500 மணிதான் ஓடுகிறது என்றால் 80-உம் 20-உம், 100. அதே மெஷின்தான், வேலை குறைந்தால் ஒரு மணியின் அடக்கம் ஏறிவிடுகிறது. வேலை இல்லாத மாதத்தில் ரேட்டைக் குறைத்து ஆளைப் பிடிக்கலாம் என்று தோன்றும்போது இதைத்தான் பார்க்க வேண்டும்.

அதோடு, லோன் போட்டு வாங்கியவர்கள் தவணையையும் தேய்மானத்தையும் இரண்டையும் செலவில் எழுதாதீர்கள். தவணையில் அசல் பங்கு என்பது மெஷின் விலைதான், தேய்மானத்தில் அது வந்துவிட்டது. வட்டியை மட்டும் செலவில் சேருங்கள். நான் இரண்டையும் எழுதி, என் ரேட் ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று ஒரு வருடம் புரியாமல் இருந்தேன். நல்ல வேலைகள் சில கைவிட்டுப் போயின.

மின்கம்பி:
அண்ணே, என் டிரில்லிங் மெஷினுக்கும் டெஸ்டருக்கும் இப்படித் தனித்தனியாகப் போட வேண்டுமா?

லேத்_பட்டறை:
வேண்டாம் தம்பி. கை டூல்ஸ் எல்லாவற்றையும் மொத்தமாகத் தூக்கிச் செலவில் போடுங்கள். எல்லா வேலைக்கும் அவை வருகின்றன அல்லவா. எப்போதாவது ஒரு வேலைக்கு மட்டும் வெளியே எடுக்கும் விலை உயர்ந்த கருவி இருந்தால், அதற்கு மட்டும் தனி. வாங்கிய விலையை வைத்துத் தேய்மானம் போடாதீர்கள், இன்றைக்கு அதையே திரும்ப வாங்கினால் என்ன விலையோ அதை வையுங்கள். பழசு போகும்போது புதுசு வாங்கக் காசு அப்போதுதான் இருக்கும்.

பெயிண்ட்_கணக்கு:
தம்பி, இப்போதே ரேட்டை மாற்றாதீர்கள். 60 சதவீதம் என்பது நான் போட்ட ஊகம். நாலு வாரம் ஒரு சின்ன நோட்டில் கால் மணி கால் மணியாக எழுதுங்கள். ராத்திரி உட்கார்ந்து ஞாபகத்தில் எழுதக் கூடாது, அப்போதைக்கு அப்போதே எழுத வேண்டும். கடைக்குப் போன நேரம், போனில் பேசிய நேரம், பாக்கி கேட்கப் போன நேரம், எல்லாமே.

மின்கம்பி:
(ஒரு மாதம் கழித்து) எழுதினேன் அக்கா. சாப்பாட்டு நேரத்தைக் கழித்துவிட்டு நாலு வாரத்தில் மொத்தம் 212 மணி. பில் போட்டது 118. பயணம் 38. சாமான் வாங்கக் கடைக்குப் போனது 17. வேலை பார்த்துக் கொட்டேஷன் கொடுக்கப் போனது 14, அதில் பாதி எனக்கு வரவே இல்லை. பில் எழுதுவது, போன், பாக்கி வசூல் 13. வீட்டில் ஆள் இல்லாமல், கரண்ட் இல்லாமல் காத்திருந்தது 7. நான் செய்த வேலையையே திரும்பப் போய்ச் சரி செய்தது 5.

100-க்கு 56 மணிதான் காசாகிறது. செலவையும் பழைய ரசீதுகளை எடுத்துக் கூட்டினேன், 1,10,000 வந்தது.

வாரத்துக்கு 29.5 மணி பில். அக்கா சொன்ன 28 நாள் லீவு, அதாவது வாரம் ஐந்து நாள் கணக்கில் 5.6 வாரம் போக 46.4 வாரம் என்றால் வருடத்துக்கு 1,369 மணி. 2,08,000-உம் 1,10,000-உம் 3,18,000. வகுத்தால் 232. அக்கா சொன்ன 280-ஐ விடக் குறைவாக வந்ததில் கொஞ்சம் நிம்மதி.

பெயிண்ட்_கணக்கு:
நாலு வாரம் விடாமல் எழுதியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் நிம்மதிப்படாதீர்கள். 212 மணி என்றால் வாரத்துக்கு 53. நீங்கள் கூலியாக எழுதியிருப்பது 40 மணிக்கு. மீதி 13 மணி இலவசமாக உழைக்கிறீர்கள், அதனால்தான் 232 வந்தது. 53 மணிக்கும் கூலி போட்டால் வருடத்துக்கு 2,75,600. செலவோடு 3,85,600. 1,369-ஆல் வகுத்தால் 282. திரும்ப அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது.

ராத்திரி பில் எழுதும் நேரம் பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நேரம். அதற்கு விலை இல்லை என்று நாமே முடிவு செய்துவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்?

குழாய்_மாஸ்டர்:
ஏசி தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் இந்த நோட்டிலேயே இருக்கிறது, பாருங்கள். பயணம் 38, கடை 17. நான் செவ்வாய், வெள்ளி என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மற்ற நாள் இந்தப் பக்கம் என்று பிரித்துக்கொண்டேன். அவசரம் என்றால் மட்டும் மாற்றம், அதற்குத் தனிக் காசு. அடிக்கடி தேவைப்படும் ஐம்பது அறுபது அயிட்டத்தை வண்டியிலேயே டப்பா டப்பாவாக வைத்து, வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் நிரப்புகிறேன். அதிகம் வேண்டாம், நாலு வாரத்தில் 12 மணியை மிச்சப்படுத்தி அதை வேலையாக விற்றால் 118 என்பது 130 ஆகும். வருடத்துக்கு 1,508 மணி. 3,85,600-ஐ வகுத்தால் 256. வாரம் மூன்று மணியில் உங்கள் கோடு 282-இலிருந்து 256-க்கு இறங்கிவிட்டது. வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

ஏசி_மெக்கானிக்:
இது எனக்குப் புரிகிறது. சின்ன வேலைகளை என்ன செய்வது? போக 35 நிமிடம், வர 35 நிமிடம், வேலை 25 நிமிடம். கெப்பாசிட்டர் மாற்றுவது மாதிரி.

குழாய்_மாஸ்டர்:
மொத்தம் 95 நிமிடம் போய்விட்டது. 25 நிமிடத்துக்கு பில் போட்டால் மீதி 70 நிமிடம் உங்கள் தலையில். அதனால் விசிட் சார்ஜ், அதில் முதல் அரை மணி வேலை அடக்கம், அதற்கு மேல் கால் மணிக்கு இவ்வளவு என்று போனிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் சொல்லாமல் வேலை முடிந்ததும் சொன்னால்தான் சண்டை வருகிறது. ஒரு விஷயம் கவனம்: பயணத்துக்கு விசிட் சார்ஜ் தனியாக வாங்கினால் அந்த மணிகள் விற்ற மணிகளோடு சேரும், மணி ரேட்டிலும் அதை ஏற்றி இரண்டு தடவை வாங்கக் கூடாது. அது நியாயமில்லை.

மரவேலை:
நான் மணி ரேட்டை வாடிக்கையாளரிடம் சொல்வதே இல்லை. உள்ளே கணக்குப் போட்டு, வெளியே வேலைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. காரணம் இருக்கிறது. கைதேர்ந்தவன் ஒரு மணியில் முடிப்பதைப் புதியவன் மூன்று மணியில் முடிப்பான். மணிக்கணக்கில் வாங்கினால் இருபது வருடம் கற்றவனுக்குக் குறைவான காசு, தடுமாறுகிறவனுக்கு அதிகம். கற்றதற்குத் தண்டனை மாதிரி ஆகிவிடும். பழுது எங்கே என்றே தெரியாத வேலைக்கு மட்டும் மணிக்கணக்கு, அதுவும் “இரண்டு மணிக்கு மேல் போனால் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் தொடர்வேன்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு.

பெயிண்ட்_கணக்கு:
எங்களுக்கும் ஒரே தொகைதான் ஐயா, ஆனால் முடித்ததும் எத்தனை மணி ஆனது என்று எழுதிவைப்பேன். ஆரம்பத்தில் ஜன்னல் கம்பி பெயிண்டுக்கு நாங்கள் நினைத்த நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆகிக்கொண்டிருந்தது. எழுதாவிட்டால் தெரிந்தே இருக்காது.

தம்பியின் பொருள் லாபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த லாபத்தை நம்பிக் கூலியைக் குறைத்து வைப்பது ஆபத்து. ஒரு நாள் வாடிக்கையாளர் “ஃபேன், லைட் எல்லாம் நானே வாங்கிவிட்டேன், மாட்டிக் கொடுத்தால் போதும்” என்பார். அன்றைக்கு உங்கள் லாபம் மொத்தமும் போய்விடும், வேலை மட்டும் அப்படியே இருக்கும். பொருள் லாபம் பொருளுக்கான வேலைக்கு, அதாவது தேடி வாங்குவது, முன்பணம் போடுவது, கெட்டுப்போனால் மாற்றிக் கொடுப்பது. கூலி தன் காலில் நிற்க வேண்டும்.

மின்கம்பி:
முடிவு செய்துவிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு 10 சதவீத லாபம் வைத்து, 282-ஐ 0.9-ஆல் வகுத்து 313, கணக்குச் சுலபத்துக்காக 315. பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரே தாவாகத் தாவ மனசு வரவில்லை. அவர்களுக்கு இப்போது 200, ஆறு மாதத்தில் 260 என்று முன்கூட்டியே மெசேஜ் அனுப்பினேன். நாற்பது பேரில் ஆறு பேர் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றார்கள். அந்த ஆறு பேரை நோட்டில் தேடினேன். நாலு பேர் தூரத்தில் இருப்பவர்கள், இரண்டு பேரிடம் இன்னும் பாக்கி நிற்கிறது.

நேற்று 315-க்கு முதல் பில் போட்டேன். கை நடுங்கியது உண்மை. அவர் பார்த்தார், ஒயரை எல்லாம் லேபிள் ஒட்டி வைத்ததற்கு நன்றி என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அடுத்த மாதம் ஒரு பையனை உதவிக்கு வைக்கப் போகிறேன். அவனுக்கும் இதே ரேட்டா?

ஏசி_மெக்கானிக்:
இதற்கு நான் பதில் சொல்கிறேன், இந்த வாரம்தான் என் பையன்களுக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் கூலியும் 100 என்று வையுங்கள், மேல் செலவு 20 சதவீதம். வருடத்துக்கு 2,49,600. வேலைக்கு வரும் 1,856 மணியில் 75 சதவீதம் பில்லானால் 1,392 மணி. உங்கள் கடைச் செலவில் ஒன்றுகூடச் சேர்க்காமலே மணிக்கு 179. நான் இதுவரை அவர்களை 150-க்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கற்றுக்கொள்ளும் பையன் என்றால் முதல் ஆறு மாதம் அவன் நேரத்தைத் தனியாக விற்கவே முடியாது, நீங்கள் நின்று சொல்லிக் கொடுக்கும் நேரமும் போகும். அதையும் செலவில் எழுதிக்கொண்டு வையுங்கள். நோட்டு அவனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

மின்கம்பி:
வாங்கிவிட்டேன் அண்ணே. இரண்டாக.